ஒன்பது ஷட்டரும் ஒரு பொத்தானும்

ஷட்டர்காரருக்குக் கோபம் வந்தால் யாரையும் திட்டமாட்டார். கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அதையே முறைப்பார். அந்த ஒரு வாரத்தில் அந்த ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கட்டிக்கொண்ட முறைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கடைகளுக்கு ஷட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தொழில். முதலில் கையால் இழுக்கிற ஷட்டர்கள், பிறகு மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓடுகிறவை. கடைத்தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. "ஷட்டர் வந்தாச்சா?" என்பார்கள். "ஷட்டர் சாப்பிட்டுட்டு வரேன்னுச்சு" என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

அவருடைய பிழைப்பு மொத்தமும் ஒரே ஒரு வார்த்தையில் நின்றது. புது ஷட்டரை மாட்டி முடித்து, ரிமோட்டைக் கடைக்காரர் கையில் கொடுக்கும்போது சொல்வார்: "இந்த ரிமோட்டைத் தவிர இதை வேற எதுவும் திறக்காது. நான் பொறுப்பு." கடைக்காரர்கள் அந்த வார்த்தையை நம்பிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவரைவிட மலிவாகச் செய்கிறவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தும் ஒருவரும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த வார்த்தையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஷட்டருக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். எந்த ரிமோட்டின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றுக்குச் சொல்லலாம், பத்துக்கும் சொல்லலாம். ஏணி மேல் நின்று சோதித்துப் பார்க்க ஒவ்வொரு கடையின் ரிமோட்டையும் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று, தன் சட்டைப் பையில் இருக்கும் சாம்பல் நிற ரிமோட்டை முதலில் சொல்லிக்கொடுப்பார். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அழிக்கமாட்டார். ஏனென்றால் யாராவது ரிமோட்டைத் தொலைத்துவிட்டு அலறும்போது, இவர் போய் மோட்டார் பக்கம் கையை வைத்து என்னவோ செய்கிற மாதிரி பாவனை காட்டி, பையில் இருப்பதை ஒரு அழுத்து அழுத்தினால் கதவு ஏறிவிடும்; அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் இறங்கிவிடும். "எப்படி அண்ணா?" என்று வாயைப் பிளப்பார்கள். அந்த வாய் பிளப்பது அவருக்குப் பிடித்திருந்தது. இதில் என்ன வந்துவிடப்போகிறது, நானா திருடப்போகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது அவருக்கு இருந்த பிரச்சினை அதுவல்ல. அவருடைய பிரச்சினை சொந்த வீட்டில் இருந்தது.

வீட்டின் கீழ்த்தளத்தில் கராஜ். தெருவிலிருந்து அதற்கு ஒரு சரிவு ஏறுகிறது. மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு அந்தச் சரிவை அவர்தான் செங்குத்தாகப் போடவைத்தார். தண்ணீர் வரவில்லை. அவராலும் வர முடியவில்லை. பைக்கின் இடது பக்கம் மடக்கு ஏணி கட்டியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் காலை ஊன்ற முடியாது. வலது கால் பின்பிரேக்கில் இருந்தாக வேண்டும். அந்த வலது முழங்காலும் ஒரு வருடமாக மக்கர் செய்கிறது. இடது கை கிளட்சில், வலது கை முன்பிரேக்கில். இந்த நிலையில் மழைக்கோட்டுக்குள் கையை விட்டு, வீட்டுக் கதவையும் திறக்கிற அந்தச் சாம்பல் நிற ரிமோட்டை எடுக்க வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு கை வேண்டும். இல்லாத கைக்கு அவர் எங்கே போவார்? ஒவ்வொரு நாள் மாலையும் கீழே தெருவில் நிறுத்தி, இறங்கி, நொண்டியபடி ஏறிவந்து, கதவைத் திறந்து, திரும்ப இறங்கி, பைக்கைக் கிளப்பி வருவார்.

இதில் ரிமோட்டுக்கும் அவருக்கும் ராசியே கிடையாது. ஒன்று துணியோடு துணியாகத் துவைக்கப்பட்டது. ஒன்று மூன்று வருடத்துக்கு முன் கடைத்தெருவில் எங்கேயோ விழுந்து தொலைந்தது. தொலைந்ததற்குப் பதிலாக வீட்டில் இருந்த இன்னொன்றிலிருந்து நகல் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

போன மாதம் சரிவின் நடுவில் பைக்கோடு சாய்ந்தார். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் அவர் மனைவி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார், அதுதான் பெரிய அடி.

"ஊர்ல இருக்கிற கடைக்கெல்லாம் பட்டனைத் தட்டினா கதவு திறக்குது," என்றார் மனைவி, பஞ்சில் மருந்தைத் தொட்டு அவர் முழங்கையில் அழுத்தியபடி. "நம்ம வீட்டுக் கதவுக்கு மட்டும் நீங்க விழுந்து கும்பிடணும்."

"பைக்லயே ரிமோட்டை வச்சிடறேன். ஒரு நாள் வேலை."

"உங்க ஒரு நாளு எனக்குத் தெரியும்."

மனைவி சொன்னதுதான் சரி. ஒரு நாள் வேலை ஒரு வாரத்தைத் தின்றது.

முதலில் சாம்பல் நிற ரிமோட்டுக்கு இன்னொரு நகல் எடுத்து ஹேண்டில்பாரில் டேப் சுற்றி ஒட்டினார். ஒரே மழையில் தண்ணீர் குடித்துச் செத்தது. அடுத்த நகலைப் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும் பைக்குள் வைத்தார். குழியில் பைக் குதிக்கும்போதெல்லாம் பொத்தான் தானாக அமுங்கியது. இவர் வீட்டு வாசலுக்கு வரும்போது கதவு ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தது. பிறகுதான் உருப்படியான யோசனை வந்தது. எதிரே வருகிற வண்டிக்கு லைட் அடித்துக் காட்ட இடது கட்டைவிரல் பக்கத்தில் பாஸ் சுவிட்ச் இருக்கிறது. அந்த விளக்குக்குப் போகிற கரண்டையே ரிமோட்டுக்கும் கொடுத்துவிட்டால்? ரிமோட்டின் பொத்தானை எப்போதும் அமுங்கியபடி பற்றவைத்துவிடலாம். லைட் அடித்தால் ரிமோட்டுக்கு உயிர் வரும், கதவு திறக்கும். கிளட்சிலிருந்து கையை எடுக்கவே வேண்டாம்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. செய்ய உட்கார்ந்தபோது ஆரம்பித்தது சனி. ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே ஒரே நிறத்தில் நாலு வயர். அவர் தொழிலில் சிவப்பென்றால் சிவப்பு. பைக் செய்தவனுக்கு அந்த நாகரிகம் இல்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்து இணைத்து, இன்ஜினைக் கிளப்பி முறுக்கி, லைட் அடித்ததும் ரிமோட்டிலிருந்து ஒரு மெல்லிய புகை வந்தது. பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் என்றால் இன்ஜின் ஓடும்போது பதினான்குக்கு மேல் போகும். இது தெரியாத ஆளா அவர்? தெரியும். தெரிந்தும் மறந்ததுதான் எரிச்சல். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்து அதை முறைத்தார்.

வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சின்னத் துண்டு ஒன்றை வாங்கிவந்து வைத்தார். இப்போது புகையவில்லை. திறக்கவும் இல்லை. ஹெட்லைட்டின் இரும்புக் கூட்டுக்குள் ரிமோட் அடைபட்டுக் கிடந்தது. அதன் சிக்னல் வெளியே வரவில்லை. ரிமோட்டை வெளியே எடுத்தால் மழை, உள்ளே வைத்தால் இரும்பு. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார்; வந்தால் பேசமாட்டார்.

"இப்ப அது வேலை செய்யலைன்னா யாரு அழப்போறா?" என்று மனைவி கேட்டார்.

"எனக்குத் தெரியாத வேலையா இது? எனக்கே தண்ணி காட்டுது."

கடைசியில் ரிமோட்டின் உள்ளிருந்து ஓர் ஏரியல் வயரைப் பற்றவைத்து வெளியே இழுத்து, பைக்கின் பக்கக் கண்ணாடித் தண்டு வழியாக மேலே கொண்டுபோய்க் கட்டினார். தெருமுனையிலிருந்து லைட் அடித்தார். கையில் இருந்தபோது பத்தடி தாண்டாத ரிமோட், பைக் பேட்டரியின் தெம்பில் தெருமுனையிலிருந்தே கதவைத் திறந்தது. நிறுத்தாமல், காலை ஊன்றாமல், ஏணியோடு சரிவேறி நேராக உள்ளே போனார். ஜன்னலில் நின்ற மனைவி கைதட்டினார். கேலிக்கா நிஜமாகவா என்று தெரியவில்லை. அவர் நிஜம் என்றே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரை மணி. கடைத்தெரு. ஒரு மருந்துக் கடை, ஒரு கண்ணாடிக் கடை, நோட்டுப் புத்தகக் கடை, செருப்புக் கடை என்று அந்தத் தெருவில் ஒன்பது ஷட்டர் அவர் மாட்டியவை. எதிரே ஒரு வேன் கோணலாக வந்தது. இருபது வருடப் பழக்கத்தில் கட்டைவிரல் பாஸ் சுவிட்சைத் தட்டியது.

தெருவின் இரண்டு பக்கமும் கடகடவென்று சத்தம். திறந்திருந்த ஒன்பது ஷட்டரும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கின. கண்ணாடிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே பாய்ந்தார். செருப்புக் கடையில் ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு நின்ற ஒருவர் வெளியே ஓடிவந்து நடுத்தெருவில் நின்றார். இவருக்கு அரை நொடி ஒன்றும் புரியவில்லை. ஹெட்லைட்டுக்குள் இருப்பது சாம்பல் நிற ரிமோட்டின் நகல் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று மறுபடி தட்டினார். ஒன்பதும் திரும்ப ஏறின.

பைக்கைச் சந்துக்குள் தள்ளி நிறுத்துவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான்.

"அண்ணா, ஷட்டர் தானா இறங்குது!"

"கரண்ட் பிரச்சினைங்க. வோல்டேஜ் ஏறி இறங்குது. பயப்படாதீங்க, வந்து பார்க்கிறேன்."

ஆறு பேரிடம் இதையே சொன்னார். ஆறு பேரும் "நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்கள். ஒருவராவது சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்களே என்று அவர்கள் மேலேயே எரிச்சல் வந்தது. ஹெட்லைட்டைத் திறந்து அந்த வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டால் கதை முடிந்தது. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துவிட்டார்.

ஏழாவது அழைப்பு மருந்துக் கடை அக்காவிடமிருந்து. அவர் வயதில் இவரைவிடச் சின்னவர்தான். தெருவுக்கே அக்கா என்பதால் இவருக்கும் பேச்சுவாக்கில் அக்கா. "கொஞ்சம் கடைக்கு வாங்க அண்ணா" என்று மட்டும் சொன்னார். குரல் சரியில்லை.

போனார். யாருக்கும் அடி படவில்லை. அக்கா கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் தொடாம இறங்குச்சு அண்ணா."

"வோல்டேஜ்…"

"யாரும் தொடாம இறங்குதுன்னா, யாரும் தொடாம ஏறவும் ஏறும்தானே?"

அக்கா எதைக் கேட்கிறார் என்பது ஷட்டர்காரருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கடையிலிருந்து விலை உயர்ந்த மருந்துப் பெட்டிகள் சில ஓர் இரவில் காணாமல் போயின. பூட்டு உடைபடவில்லை, ஷட்டரில் கீறல்கூட இல்லை. ரிமோட் இரண்டு பேரிடம் இருந்தது: அக்காவிடம் ஒன்று, கூடவே கடையைப் பார்த்துக்கொண்ட அவருடைய தம்பியிடம் ஒன்று. அன்று இவரைத்தான் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஏணி மேல் நின்றபடி, கீழே அக்காவும் தம்பியும் தம்பியின் மனைவியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் தீர்ப்பு மாதிரி சொன்னார்: "இந்த ரெண்டு ரிமோட்டைத் தவிர இதை வேற எதுவும் திறக்காது." சொல்லும்போதே, அதற்கு முந்தின மாதம் இதே தெருவில் தொலைத்த தன் ரிமோட் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததை வந்த வழியே அனுப்பிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். தம்பி அந்த வாரமே கடையை விட்டுப் போனான். அவன் போனதாகத்தான் இவர் கேள்விப்பட்டார். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தெரியாமலா இருக்கும்?

"என் தம்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான், நான் எடுக்கலைக்கான்னு," என்றார் அக்கா. "அவன் சொன்னதை விட்டுட்டு நீங்க சொன்னதைத்தான் நம்பினேன். இப்பவும் நீங்க சொன்னா நம்புறேன். வோல்டேஜ்தானா?"

'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தை போதும், தொழில் பிழைக்கும். இத்தனை நாளாக வயர் மேலும் இரும்புக் கூட்டின் மேலும் வந்த கோபமெல்லாம் யார் மேல் வந்திருக்க வேண்டும் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

"கொஞ்சம் வெளிய வாங்க," என்றார்.

பைக்கைச் சந்திலிருந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "எல்லாரும் ஷட்டருக்குக் கீழ நிக்காம வெளிய வாங்க!" என்று கத்தினார். ரிப்பேர் நடக்கப்போகிறது என்று ஒன்பது கடைக்காரர்களும் ஆர்வமாக வெளியே வந்து நின்றார்கள். வாசல்களில் ஆள் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, லைட் அடித்தார். ஒன்பது ஷட்டரும் ஒன்றாக இறங்கித் தரையைத் தொட்டன. மறுபடி அடித்தார். ஒன்பதும் ஏறின.

ஷட்டர்காரர் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"வோல்டேஜ் இல்லை," என்றார். "நான்தான். எல்லா ஷட்டர்லயும் என்னோட ரிமோட்டும் வேலை செய்யும். மாட்டின நாள்ல இருந்து. அதுல ஒண்ணை மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே தெருவுல தொலைச்சிட்டேன். யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. பிறகு தன் ஷட்டரைப் பார்த்தார், தன் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். "மூணு வருஷமா என் கடை திறந்தா கிடந்துச்சு?" என்று அவர் கேட்ட பிறகு மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நோட்டுக் கடைக்காரர் ஷட்டரில் ஒட்டியிருந்த இவருடைய போன் நம்பரை அங்கேயே நகத்தால் சுரண்டி எடுத்தார். இவர் தலையைக் குனிந்தபடி, "இன்னிக்கே எல்லாப் பெட்டியிலயும் அழிச்சுத் தரேன்" என்றார். "நீங்க தொட வேண்டாம், வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறோம்" என்றார் ஒருவர். இருபத்திரண்டு வருடம் கால் மணி நேரத்தில் முடிந்துபோனது.

மருந்துக் கடை அக்கா மட்டும் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். இவர் வாசலில் வந்து நின்றதும் ஒரு காகிதத்தில் நம்பர் ஒன்றை எழுதி மேஜை மேல் தள்ளினார்.

"என் போன்ல இருந்து போட்டா எடுக்க மாட்டான். உங்க போன்ல போடுங்க."

நம்பரைப் போட்டார். நாலாவது மணியில் தம்பி எடுத்தான்.

"அண்ணா! சொல்லுங்கண்ணா, நல்லாயிருக்கீங்களா?" இவர் நம்பரை அவன் இன்னும் வைத்திருந்தான். "என்னண்ணா, அக்கா கடையில ஷட்டர் ஏதாவது மாட்டிக்கிச்சா? அக்கா உள்ள இருக்காங்களா?"

"ஷட்டர் நல்லாத்தான் இருக்குப்பா," என்றார். பிறகு சொன்னார். ரிமோட்டைப் பற்றி, தொலைத்ததைப் பற்றி, அன்றைக்கு ஏணி மேல் நின்றபோது அது ஞாபகம் வந்ததைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. சொல்லி முடித்தார். அக்கா எழுந்து வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினார்.

"அக்கா பேசணும்னு நிக்கிறாங்கப்பா. குடுக்கட்டுமா?"

"வேண்டாம். இப்ப வேண்டாம்." அவன் குரல் உடைந்திருந்தது. "லைன்லயே இருங்கண்ணா."

ஒரு கதவு திறந்தது. அவன் யாரையோ கூப்பிட்டான். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் "யாரு?" என்று கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் அண்ணா," என்றான் தம்பி. "முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லுங்க. என் பொண்டாட்டி கேக்கணும். அவளும் அன்னிக்கு நீங்க சொன்னதைத்தான் நம்பினா."

அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். ஷட்டர்காரர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.